மயக்க மருந்தும் வினை நுகர்ச்சியும்

சென்ற ஆண்டு ஆனித் திங்களில், எம் நெடுநாள் நண்பரும் ஓய்வுபெற்ற ஓதுவாருமாகிய பெரியார் ஒருவரைக் காண்டற்பொருட்டு, மதுரையினின்றும் மேற்கே வையைக் கரையிலுள்ள அவரது சிற்றூருக்குச் சென்றிருந்தேம். திருவேடகத்துக்கு அணித்தாயது அவ்வூர். அவருக்குப் பித்தப்பையிற் கல் தங்கிச் சில திங்களாய்ப் பெருநோவு. உண்டபின் வலப்பக்கத்து விலாவின்கீழ் எழுந்து முதுகுவரை ஊடுருவும் அந்நோவை அவர் சூலை என்றே வழங்கி வந்தார். அறுவை செய்து பித்தப்பையை அகற்றுதல் வேண்டும் என மருத்துவர் கூறினர். மகளார் அழுது வேண்டினர். அவரோ இசைந்திலர். "கத்திக்கு யான் அஞ்சவில்லை ஐயா, மயக்க மருந்துக்கே அஞ்சுகின்றேன்" என்றார்.

அதற்கு அவர் காட்டிய காரணங்கள் இரண்டு. நோவென்பது முன்னை வினையின் பயன். அஃது உடலூழாய் வந்து நுகர்ந்தே கழியற்பாலது. அதனை நுகராதபடி அறிவை மறைத்துக்கொள்ளுதல் கடன்பட்டவன் கடன்கொடுத்தானைக் கண்டு ஒளிந்துகொள்ளுதலோடு ஒக்கும் என்பது ஒன்று. மற்றையது அவர் குரல் தாழ்த்திக் கூறியது: "மயங்கிய நிலையிலேயே உயிர் பிரிந்துவிடின், இறுதிக்கண் ஐந்தெழுத்தை எண்ணுதற்கு எனக்கு வாய்ப்பு ஏது? ஐம்பது ஆண்டு பழகிய நாவு அந்த ஒரு கணத்தில் ஊமையாகிவிடுமே." இவ்விரண்டனுள் முன்னையதற்கு அப்பொழுதே ஏதோ விடை கூறினேம். பின்னையதற்கு விடை கூற மாட்டாது ஊர் திரும்பினேம். அவர் வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

ஒன்றைப்பற்றித் தீர்ப்புக் கூறுமுன் அதன் வரலாற்றை அறிதல் முறையாதலின், இம்மருந்துகள் எங்ஙனம் உலகில் வந்தன என்பதை ஒருவாறு ஆராய்ந்தேம்.

அறுக்கப்படுவானது நோவைக் குறைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் பழமையானது. வடமொழியிற் சுசுருத சங்கிதை, அறுவைக்குமுன் நோயாளிக்கு உணவு கொடுக்குமாறும், நோவு பொறாதார்க்கும் மது உண்ணும் வழக்கினர்க்கும் மதுக் கொடுக்குமாறும் கூறுகின்றது. போஜப் பிரபந்தத்திலோ, மருத்துவர் உருக்கொண்டு வந்த அசுவினி தேவர் போஜராஜனை ஒரு பொடியால் மயக்கி மண்டையைத் திறந்து நோய்க்குக் காரணமாயதை எடுத்தனர் என்றொரு கதை உண்டு. மேடையேறிப் பேசுவோர் சிலர் இக்கதையைக் காட்டி, மேனாட்டார் கண்டதெல்லாம் நம்மவர் முன்னரே கண்டனர் என்று முழங்குவர். போஜனுக்குப் பன்னூறாண்டு பின்னர்த் தோன்றிய கதைநூல் ஒன்று அறுவை மருத்துவத்துக்குச் சான்றாதல் செல்லாது. மதுவை மதுவென்றும் கதையைக் கதையென்றும் கொள்ளுதலே நேர்மை.

உண்மையாக உணர்வகற்றி அறுத்தவருள் ஒருவர் ஜப்பான் தேசத்து ஹனவோகா சேய்ஷு என்னும் மருத்துவர். அவர் 1804-ஆம் ஆண்டில் ஒரு மூதாட்டியின் மார்பிலிருந்த கட்டியை, மருந்து குடிப்பித்து உறங்கச் செய்து அகற்றினார். அம்மருந்தின் தலையாய சரக்கு ஊமத்தை என்பதைப் படித்தபொழுது யாம் சிறிது நேரம் புத்தகத்தை மூடிவைத்திருந்தேம். எம்பெருமான் சடைமிசைக் கொன்றையோடும் திங்களோடும் ஊமத்த மலரை அணிந்திருத்தலை நாளும் ஓதும் நமக்கு, அம்மலர் பித்தின் அடையாளம் என்ற அளவிலேயே பொருள்பட்டு வந்தது. அதே செடி, அளவறிந்து கொடுத்தார் கையில் நோவை மறைக்கும் மருந்தாயிற்று. அவ்வளவினை அறிதற்கு அம்மருத்துவர் பல்லாண்டு முயன்றார். தம்மேல் அம்மருந்தைச் சோதித்துப் பார்க்குமாறு தம்மைக் கொடுத்த அவர் மனைவியார் கண்பார்வையை இழந்தார். பிறர் நோவு நீங்குதற்பொருட்டு ஒருவர் இருளில் இருக்க நேர்ந்தது என்பதை இம்மருந்தினை எளிதாக எண்ணுவார் நினைவிற் கொள்க.

அமெரிக்காவில் 1842-ல் கிராபோர்டு லாங் என்பவர் ஈதர் ஆவியால் ஒருவனை உணர்விழக்கச் செய்து கழுத்துக்கட்டியை அறுத்தார். ஆயின் உடனே வெளியிட்டிலர். 1846 அக்டோபர் 16-ஆம் நாள் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் பலர் முன்னிலையில் ஈதர் கொடுக்க, வாரன் என்பார் அறுத்தார். அந்நாள் முதலாகவே இம்முறை உலகெங்கும் பரவிற்று. 1847 நவம்பரில் எடின்பரோவில் சிம்சன் என்பவர் குளோரோபாரத்தை வழக்கிற் கொணர்ந்தார். முதலிற் கண்டவர் யாவர் என்று அமெரிக்கர் பல்லாண்டு வழக்கிட்டனர். அவ்வழக்கு நமக்கு வேண்டா.

நம் நாட்டில் ஈதர் வருமுன்னரே வேறொரு முயற்சி நடந்தது. வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டேல் என்னும் மருத்துவர் 1845 ஏப்ரல் தொடங்கி, மருந்தொன்றும் இன்றிக் கைகளை நோயாளியின் உடம்பின்மேல் நெடுநேரம் தடவி ஒருவகைத் துயிலில் ஆழ்த்திப் பெரிய கட்டிகளை அறுத்தார். மெஸ்மரிசம் என்பது அதன் பெயர். 1846-ல் அதற்கெனக் கல்கத்தாவில் தனி ஆஸ்பத்திரியும் அமைந்தது. ஆயினும் 1847-ல் ஈதரும் 1848-ல் குளோரோபாரமும் அந்நகரை அடைந்தபின், மணிக்கணக்காகத் தடவுதலை நாடுவார் குறைந்தனர். எஸ்டேல் முதன்முதல் இங்ஙனம் துயிற்றியது ஒரு சிறைக்கைதியை என்பதைப் படிப்பவர் எளிதிற் கடந்து போகலாகாது. புதியவற்றைச் சோதித்தற்கு உலகம் எப்பொழுதும் வாயில்லாதாரையே முதலில் தேடுகின்றது.

தமிழில் இந்நூலறிவு மிகப் பிந்தி வந்ததென்று எண்ணற்க. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் செய்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்கர், தம் மாணாக்கர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, அறுவை நூலொன்றை இரண வைத்தியம் என்னும் பெயரால் 1867-ல் தமிழில் வெளியிட்டார். அவரும் நம் ஆறுமுக நாவலரும் 1822-ஆம் ஆண்டிற் பிறந்தவர்கள். ஒருவர் சமயம் பரப்ப வந்த சங்கத்தின் மருத்துவர்; மற்றவர் அச்சங்கங்களை எதிர்த்து நின்ற சிங்கம். ஆயினும் இருவரும் தமிழ் உரைநடையைக் கடினமான பொருள்களைச் சுமக்கப் பழக்கினர்.

ஐதராபாத்து வரலாற்றில் மட்டும் சிறிது தங்குவேம். அங்கே மருத்துவத் தலைவராயிருந்த எட்வர்டு லாரி என்பவர், குளோரோபாரத்தால் நேரும் மரணம் மூச்சு அடங்குதலாலேயே வரும், இதயத்தால் வாராது, ஆதலின் மூச்சைக் காத்தாற் போதும் என்று சாதித்தார். இதனை நிறுவ 1888-லும் 1889-லும் நிஜாம் அரசரது பொருளுதவியால் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் அமைந்தன. இரண்டாவதற்கு இலண்டனிலிருந்து லாடர் பிரண்டன் என்னும் அறிஞர் வந்திருந்தார். நாய், குரங்கு முதலிய நூற்றுக்கணக்கான உயிர்கள் சோதனையில் மாய்ந்தன. முடிவு லாரியின் கொள்கையையே தழுவிற்று. ஆயின் 1911-ஆம் ஆண்டளவில் லெவி என்பவர், குளோரோபாரம் இதயத்தையே தாறுமாறாகத் துடிக்கச் செய்து திடீரெனக் கொல்லவும் வல்லது எனக் காட்டினார். லாரி பொய்யர் அல்லர். தம் ஆசிரியராகிய சைம் என்பார் கற்பித்த மரபை உறுதியாகப் பற்றினார். பற்றினமையின் எதிரே கிடந்ததைக் கண்டிலர். ஆசிரிய மரபைப் போற்றும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டென்றால் மடங்களிலுள்ள பெரியோர் எம்மைப் பொறுத்தருள்வாராக. மூச்சைக் காத்தல் வேண்டும் என்ற அவர் வற்புறுத்தல் பல உயிர்களைக் காத்தது என்பதும் உண்மையே. அவரிடம் பயின்ற ரூபாபாய் பர்தூன்ஜி என்னும் பார்சி மங்கையார், உலகில் மயக்க மருந்து கொடுத்தலையே தொழிலாகக் கொண்ட முதன்மகளிருள் ஒருவராய்ப் போற்றப்படுகின்றார்.

வரலாறு இவ்வளவில் அமைக. நண்பரது முதல் தடையை நோக்குவேம்.

நோவு வினைப்பயன் என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயின் வினைப்பயன் நோவாக மட்டும் வருவதன்று. நோவு தீர்க்கும் மருந்தாகவும், மருந்தறிந்த மருத்துவனாகவும், அவனை அடைதற்குரிய பொருளாகவும், வழியாகவும் வருகின்றது. பசியும் ஊழால் வருவதே. அதனை நுகர்ந்தே கழிப்பேன் என்று உண்ணாதிருப்பார் யாவர்? திருச்செங்கோட்டில் அடியார்களை நளிர்சுரம் பற்றியபொழுது, அஃது அந்நிலத்தின் இயல்பு என்று உடனிருந்தார் கூறவும், திருஞானசம்பந்தப் பிள்ளையார் அமைந்திருந்தாரல்லர். திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுப் பதிகம் பாடி நோயைப் போக்கியருளினார். வினை வினை என்று வாளா இருத்தல் அடியார்க்கு அழகன்று என்பதே அப்பதிகத்தின் உள்ளம்.

இன்னும் அணித்தாய் மதுரையிலேயே நிகழ்ந்ததைக் காண்க. பிள்ளையார் தங்கியிருந்த மடத்திற் சமணர் தீ வைத்தனர். அத்தீ பிள்ளையார் ஏவப் பாண்டியனைச் சென்று வெப்புநோயாய்ப் பற்றியது. அரசு தவறியமையால் அரசனுக்கு வந்த நோய் அது. வினையும் பயனும் இத்துணை வெளிப்படையாக இயைந்த நோய் வேறொன்று காட்டல் அரிது. இவன் நுகர்ந்தே தீரவேண்டும் என்று சொல்லத் தகுதியுடையார் ஒருவர் உளராயின் அவர் பிள்ளையாரே. அவரே திருநீறு கொண்டு அந்நோயைத் தணித்தார். குற்றம் செய்தானது நோவையே ஆற்றுதல் அருளாயின், கல் தங்கிய குற்றம் அன்றி வேறு குற்றம் அறியாத கிழவரது நோவை ஆற்றுதல் வினைக்கு இழைத்த வஞ்சனை ஆமாறு எங்ஙனம்?

இதனை யாம் கூறியபொழுது நண்பர் நகைத்து வேறொரு வினா விடுத்தார். "பாடலிபுத்திரத்தில் தருமசேனர்க்கு வந்த சூலைக்கு மயக்க மருந்து கிடைத்திருந்தால், நமக்கு நாவுக்கரசர் கிடைத்திருப்பாரா?" என்றார். வன்மை மிக்க தடை இது. நோவு சிலரைத் திருப்புகின்றது, சூலை அருளின் தூதாய் வந்தது, உண்மை. ஆயினும் அச்சூலைக்குச் சமணர் தம் மந்திரமும் மருந்தும் எல்லாம் செய்து பார்த்தும் அது தணிந்திலது. இறைவன் ஏவிய நோய் மருந்துக்கு அடங்குவதன்று. அடங்குவதாயின் அஃது அவ்வகை நோய் அன்று. ஆதலின் மருந்து செய்தலால் அருளின் வழி அடைபடும் என்று அஞ்சவேண்டா. மேலும், திலகவதியார் தம்பியை நோக்கி நுகர்ந்து கழிப்பாய் என்று கூறினாரல்லர், திருநீறு கொடுத்தார். தன் நோவைத் தன் பக்குவத்துக்கு உரமாகக் கொள்ளும் உரிமை நொந்தவனுக்கே உண்டு. அருகிருப்பார் அதனை அவனுக்கு விதித்தல் தகாது. மேனாட்டிலும் குளோரோபாரம் வந்த காலத்தில், பிள்ளைப்பேற்றின் நோவு கடவுள் விதித்தது, அதனை நீக்கலாகாது என்ற கூக்குரல் எழுந்தது. அங்ஙனம் கூறியவருள் ஒருவரும் பிள்ளை பெற்றவரல்லர்.

இனிச் சித்தாந்த நூலார்க்கு இன்றியமையாத ஆராய்ச்சிக்கு வருவேம். மயங்கினவனது உயிர் யாண்டுள்ளது? அதன் அறிவு என்னாயிற்று?

நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்னும் ஐந்து அவத்தைகளும், புருவநடுவினின்றும் மூலாதாரம்வரை உயிர் கருவிகளைப் படிப்படியே விட்டு இறங்குமாறும் இவ்விதழின் அன்பர்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உறக்கத்தில் இதயத்தே பிராணனும் சித்தமும் உடனிருக்கும். பேருறக்கத்தில் உந்தியிற் பிராணன் மட்டும். உயிர்ப்படக்கத்தில் உயிர் தனித்திருக்கும். மேனாட்டு மருத்துவர் கெடெல் என்பவரும் ஈதர் மயக்கத்தை நான்கு படிகளாக வகுத்தார். நான்காவது படியில் மூச்சு அடங்கும். இவ்வொற்றுமையைக் கண்டு, மருத்துவர் ஊசியால் துரியாதீதம் தருகின்றார் என்று ஒரு பேச்சாளர் கூறக் கேட்டேம். அவ்வுரை பிழை. நூல்கள் பேசும் அவத்தைகள் உயிர்க்கும் மலத்துக்கும் உள்ள இயைபுபற்றியன. மருத்துவர் படிகள் மருந்தின் அளவும் உடம்பின் குறியும் பற்றியன. ஒப்புமை காட்டலாம்; ஒன்றெனல் ஆகாது. அன்றியும் இம்மயக்கம் கீழ்நோக்கிய இருளின் பாற்பட்டது. அருளில் அழுந்தி அடங்கும் மேல்நிலையோடு இதற்கு உறவில்லை. மருந்தினால் முத்தி எய்துவதாயின் மடங்கள் எதற்கு?

ஆயினும் இம்மருந்துகளின் வரலாற்றில் நம் நூற்கொள்கைக்கு விளக்கமாய் அமைந்த நிகழ்ச்சிகள் சில உள. சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரம், உடம்பின் வேறாய் உயிர் உண்டென நிறுவுங்கால், உறக்கத்தில் மூச்சு இயங்கியும் நுகர்ச்சியும் தொழிலும் இல்லாமையைக் காட்டி, மூச்சே உயிர் என்பாரை மறுக்கின்றது. மயங்கிக் கிடப்பானிடத்து இதனை மருத்துவர் நாளும் காண்கின்றனர்: மூச்சு ஓடுகின்றது, கத்தி படுகின்றது, நுகர்வான் இல்லை. இதன் மறுதலையும் ஒருகால் நிகழ்ந்தது. தென்னமெரிக்கக் காட்டுவாசிகள் அம்பில் தடவும் குராரே என்னும் நஞ்சு தசைகளையெல்லாம் கட்டிவிடும். 1942-ல் கனடாவில் கிரிபித் என்பவர் அதனை அறுவைக்கு உதவியாக்கினார். அஃது அறிவையும் மறைக்குமா என்ற ஐயம் எழவே, அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஸ்மித் தம்முடம்பில் அதனை முழு அளவில் ஏற்றுக்கொண்டார். விரலும் இமையும் அசையா. மூச்சும் நின்று, பிறர் கையால் ஊட்டப்பட்டது. பார்த்தவர்க்குப் பிணம். மருந்து நீங்கியபின் எழுந்த அவர், நடந்தது பேசியது அனைத்தும் தாம் தெளிவாக அறிந்திருந்ததாக உரைத்தார். 1947-ல் இச்செய்தி வெளியாயிற்று. உடம்பின் தொழில் முழுதும் அடங்கியும், மூச்சு பிறர் வசமாகியும், அறிவான் அறிந்துகொண்டே இருந்தான். இதனால் உயிருண்மை முழுதும் நிறுவப்பட்டதென்று யாம் கூறவில்லை. மூளையே அறிந்தது என்று உலகாயதன் விடை கூறுவான். அவனோடு வழக்கிடுதற்கு வேறு காரணங்கள் உள. ஆயின் அசைவின்மையை அறிவின்மை என்று கொள்வார்க்கு இது போதிய எச்சரிக்கை.

எமக்கே சில ஆண்டுகட்கு முன் மதுரையிற் கண்புரை அறுவை நடந்தது. அங்கே மயக்கம் இல்லை. கண்ணைச் சுற்றி ஊசியிட்டு அவ்வொரு பொறியை மட்டும் உறங்கச் செய்தனர். மருத்துவர் உதவியாளரோடு பேசுவதும் கருவி தட்டில் விழும் ஓசையும் கேட்டேம். கண் தன்னைக் கிழித்ததை அறிந்திலது. அமைச்சன் ஒருவன் உறங்கினான்; அரசன் விழித்திருந்தான். பொறிகள் கருவியே என்று முப்பது ஆண்டு பாடஞ் சொன்ன யாம், அதனை உடம்பால் உணர்ந்தது அந்தக் கால்மணி நேரத்திலேதான். இதே நகரில் 1976-ல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள், இளமையிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப் பெருநோவுற்றவர். அவ்விரல்களாலேயே இலட்சம் கண்களுக்கு மேல் அறுவை செய்தார். மேலூர், திருமங்கலம் முதலிய ஊர்களிலிருந்து வண்டி வண்டியாய் வரும் ஏழைக் கிழவரும் கிழவியரும் நோவின்றி ஒளி பெற்றனர். நொந்தவர் நோவின் அருமையைக் கற்பித்துக் கொண்டிருந்தாரல்லர்; நீக்கினார்.

இனிக் கூறுவது எமக்கு மிகவும் உறுத்துவது. மயக்கத்தின்கண் உயிர் ஒன்றும் நுகர்வதில்லை என்பது எல்லாரிடத்தும் எப்பொழுதும் உண்மையோ? 1977-ல் டன்ஸ்டால் என்னும் மருத்துவர் ஓர் உபாயம் கண்டார். தசை கட்டும் மருந்தை ஏற்றுமுன் ஒரு முன்கையை மட்டும் பட்டையால் இறுக்கி, மருந்து அக்கைக்குச் செல்லாதபடி செய்வர். அறுவை நடக்கும்போது நோயாளியின் செவியில், கேட்கின்றதாயின் என் விரலைப் பற்றுக என்பர். சிலர் பற்றினர். நோவுளதாயின் இருமுறை பற்றுக என்றபோது அங்ஙனமே பற்றினாரும் உளர். விழித்தபின் வினவினால் அவருட் பெரும்பாலோர் யாதொன்றும் அறியார். நன்கு உறங்கினேன் என்பர்.

அங்ஙனமாயின் அந்நோவு நுகரப்பட்டதா, இல்லையா? நினைவில் இல்லாதது நிகழவில்லை என்று கொள்ளும் கருத்து எளியது. அக்கருத்தால் விளைந்த கொடுமை பெரிது. 1980-களின் நடுப்பகுதிவரை மேனாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும், பிறந்து சில நாளேயான குழவிகட்கு அறுவை செய்யுங்கால், தசைகட்டும் மருந்தும் சிறிதளவு ஆவியும் கொடுத்து நோவகற்றும் மருந்தை விட்டுவிடும் வழக்கம் பரவலாக இருந்தது. குழவிக்கு நோவு தெரியாது, தெரியினும் நினைவில் நில்லாது என்பதே காரணம். கட்டுண்ட தசையால் அழவும் மாட்டாத சிசுக்கள்! நம் நாட்டிற் பிறந்து இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த் என்பவர், 1987-ல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். நோவகற்றும் மருந்தும் உடன் பெற்ற குழவிகளின் உடம்பிற் கலக்கம் குறைந்தும் பின்விளைவுகள் குறைந்தும் இருத்தலை அது காட்டிற்று. அதன்பின் அவ்வழக்கம் மாறிற்று. சொல்லமாட்டாதான் நுகர்ச்சியும் நுகர்ச்சியே என்பதை உலகம் ஒப்புதற்கு, ஈதர் கண்டு நூற்று நாற்பது ஆண்டு சென்றன.

நம் நூல்வழி நோக்கின் இது தெளிவு. நுகர்வது உயிர், நினைவாய் வைத்திருப்பது சித்தம் என்னும் கருவி. கருவி பதியாமையால் நுகர்ச்சி இல்லையாகிவிடாது. கனவிற் கண்ட அச்சம் விடியலில் மறந்துபோயினும், கண்டபோது நெஞ்சு நடுங்கியது பொய்யாகுமா? முற்பிறப்பில் நுகர்ந்த யாவும் மறந்திருக்கின்றேம். அவை நம்முடையன அல்ல என்று சைவர் எவரும் கூறார். வினைக்கொள்கையுடைய நாமே பிறரினும் முற்பட்டு, மறதி ஒரு மருந்தாகாது என்று கூறியிருத்தல் வேண்டும். கூறினேமல்லேம்.

ஆதலால் மயங்கிக் கிடப்பானைச் சூழ நிற்பவர்க்குக் கடமை மிகுகின்றதேயன்றிக் குறையவில்லை. அவனுக்குத் தெரியாது, நினைவிராது என்று எண்ணி அவன்முன் நகையாடுதலும் அவனுடம்பை மானமின்றி வைத்தலும் உயிருள்ளான் ஒருவனுக்குச் செய்யும் தீங்கேயாம்.

நண்பரது இரண்டாந் தடைக்கு இப்பொழுது விடை எளிதாகின்றது. முற்றும் எளிது என்று கூறேம். ஒவ்வோரிரவும் நாம் உறங்குகின்றேம். உறக்கத்தில் உயிர் பிரிந்தார் பலர். அதற்கஞ்சி உறங்காதிருப்பார் இல்லை. அன்றியும் உயிர் தானே அறிவதன்று, அறிவிக்க அறிவது. கருவிகள் கழன்று கேவல இருளில் உயிர் கிடக்கும்பொழுதும் உயிர்க்குயிராய் நிற்பவன் உறங்குவதில்லை. இறுதிக்கண் நாம் அவனை நினைத்தல் நம் பொருட்டு. நாம் நினையாவிடின் அவன் நம்மை அறியாது விடுவான் என்பது ஐந்தெழுத்தை ஒரு நுழைவுச்சீட்டாக எண்ணுவதாகும். இவற்றையெல்லாம் எழுதி ஒரு கடிதமாக அவர்க்கு விடுத்தேம். விடைக்கடிதம் இரண்டே வரி: "தங்கள் தருக்கம் செவ்விது. அச்சம் நீங்கவில்லை. ஆயினும் போகின்றேன்."

ஆவணியில் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் அவர்க்கு அறுவை நடந்தது. பால்போல் வெண்மையான மருந்தை நரம்பில் ஏற்றினர் என்றும், ஐந்தெழுத்தை இரண்டாம் முறை தொடங்கியது நினைவிருக்கின்றது என்றும், முடித்தது நினைவில்லை என்றும் பின்னர் எம்மிடம் கூறினார். விழித்தவுடன், எப்பொழுது தொடங்குவீர்கள் என்று கேட்டாராம். இடையில் இரண்டு மணிநேரம் சென்றிருந்தது.

பத்துநாள் கழித்து யாம் சென்றபொழுது திண்ணையிற் சாய்ந்திருந்தார். சூலை இல்லை, முகத்தில் தெளிவு இருந்தது. ஆயினும் ஏதோ ஒன்று அவரை வருத்திற்று. மகளார் உள்ளே சென்றபின் கூறினார். அறுவை முடிந்து முழுவிழிப்பு வருமுன் ஏறத்தாழக் கால்மணி நேரம் அவர் நோவால் அரற்றினாராம். சிவசிவ என்றாரல்லர். "அம்மா, அம்மா" என்றே அழைத்தாராம். அவர் அன்னையார் இறந்து ஐம்பத்திரண்டு ஆண்டு ஆயின. அரற்றியதில் ஒரு சொல்லும் அவர்க்கு நினைவில்லை. மகளார் சொல்லவே அறிந்தார்.

"அங்ஙனம் அழுதவன் யாவன் ஐயா?" என்றார்.

நீரே என்றேம். சிராப்பள்ளியில் தாயாய் வந்தவனைப்பற்றி ஏதோ கூறத் தொடங்கினேம். அவர் கையமர்த்தி, அதனைத் தாம் முந்நூறு மேடைகளிற் பாடியிருப்பதாகக் கூறினார். பின்பு மகளாரை விளித்து, "நான் கத்தினபோது என் கையைப் பிடித்திருந்தது யார்?" என்று வினவினார். மருத்துவப் பணிப்பெண் ஒருத்தி பிடித்திருந்தாள் என்றும், தாம் கதவுக் கண்ணாடி வழியே கண்டதாகவும், பெயர் தெரியாது என்றும் மகளார் கூறினர்.

"அடுத்த வெள்ளி தையல் பார்க்கப் போகிறோம் அல்லவா, அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு வா" என்றார். அவர் சொல்லிய முறையில், அஃது அவர் மறவாது வைத்துக்கொள்ள விரும்பும் பெயர் என்று எமக்குத் தோன்றிற்று. அந்திப்பொழுது ஆயிற்று. எம்மையும் உடன் வருமாறு பணித்துக் கோயிலுக்கு எழுந்தார். படியிறங்கும்போது வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டார்.